தெரு உரிமமும் திரை ரகசியமும்

வீட்டுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கண்ணிலிருந்து தப்புவது சொற்பமே. குறியாக்கம் செய்யப்பட்ட தளத்தில் எந்தப் பக்கம் படிக்கப்பட்டது என்பது மறையும். எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நள்ளிரவில் புற்றுநோய் மருத்துவமனையின் தளம், மறுநாள் காப்பீட்டு நிறுவனம், அதற்கடுத்த நாள் வீட்டு அடமானக் கடன்: அந்தக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று ஊகிக்க இந்த வரிசையே போதும். தேடுபொறி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். அமெரிக்காவின் பல ஊர்களில் வேகமான இணைப்புக்கு ஒன்றிரண்டு நிறுவனங்களை விட்டால் வழியில்லை.

எனவே உலாவல் விவரங்களை விற்கச் சந்தாதாரரின் முன் சம்மதம் கட்டாயம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2016 அக்டோபரில் விதி செய்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே 2017 மார்ச்சில் செனட் 50-48, பிரதிநிதிகள் சபை 215-205 என்ற வாக்குகளில் அதை ரத்து செய்தன. ஏப்ரல் 3 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ரத்து செய்த முறையால், புதிய சட்டம் வராமல் அதே போன்ற விதியை ஆணையம் மறுபடி இயற்றவும் முடியாது. மக்கள் பிரதிநிதிகள் மக்களுக்கு இழைத்த அநீதி இது.

அடுத்த மாதமே சியாட்டில் மாநகராட்சி களத்தில் இறங்கியது. தெருக்களில் கேபிள் பதிக்க நிறுவனங்களுக்கு அதன் உரிமம் தேவை. நகரின் கேபிள் சட்டத்தில் அந்தரங்கப் பாதுகாப்புக்கான அதிகாரமும் இருந்தது. அதைக் கொண்டு, காம்காஸ்ட், செஞ்சுரிலிங்க், வேவ் ஆகியவை முன் சம்மதமின்றி உலாவல் விவரங்களைப் பகிரக் கூடாது என்று விதித்தது. சம்மதம் முன்னதாகவா, பின்னதாகவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வேண்டாம் என்றால் சொல்லுங்கள்’ என்று நிறுவனம் கேட்டால், நீண்ட நிபந்தனைகளைப் படிக்காதவரின் மௌனமே சம்மதமாகிவிடும். முன் சம்மத முறையில் அந்த மௌனம் மறுப்பாகிறது.

கைப்பேசி இணையம் கேபிள் உரிமத்துக்குள் வராததால், நகரத்தின் கை அதுவரை எட்டவில்லை. அந்த இடைவெளியை அடைக்க மாநிலச் சட்டம் வேண்டும். மெய்ன் மாநிலம் 2019இல் அத்தகைய சட்டம் இயற்றி, 2020 ஜூலை 1 முதல் அமலாக்கியது. பேச்சுரிமை பறிபோகிறது என்று நிறுவனங்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. விசாரணைக்கு முன்பே சட்டத்தை வீழ்த்தும் முயற்சி அதே மாதம் தோற்றது, 2022இல் வழக்கையே கைவிட்டன. சம்மதம் தர மறுப்பவருக்குச் சேவையை மறுக்கவோ கூடுதல் கட்டணம் வசூலிக்கவோ இச்சட்டம் தடை விதிக்கிறது. சம்மதிப்பவருக்குத் தள்ளுபடி தருவதும் கூடாது.