பழைய லேத்தைப் பழிக்கும் முன்

பழைய லேத்தில் ஜாப் சொரசொரப்பாக வந்துவிட்டால், புதிதாகத் தொழில் பழகுபவர் முதலில் சொல்வது 'மெஷின் தேஞ்சு போச்சு' என்பதுதான். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய லேத்துகள் உண்டு, தேய்மானமும் பொய்யல்ல. ஆனாலும் அது அவசரத் தீர்ப்பு. அனுபவமுள்ள டர்னர் வந்து நின்றால், அதே லேத்தில் பளபளவென்று கடைந்து எடுக்கிறார்.

கோளாறைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் டூல் முனை. அது ஜாப்பின் மையத்துக்கு நேராக நிற்க வேண்டும். மேலே ஏறினால் வெட்டாமல் உரசும். கீழே இறங்கினால் ஜாப் டூலின் மேல் ஏறப் பார்க்கும். முகப்பைச் சமமாக்கும்போது நடுவில் ஒரு பொட்டு மிஞ்சி நின்றால் உயரம் தவறு என்று பொருள். இன்னொரு சோதனைக்கு லேத்தை நிறுத்திவிட்டு, உருளைக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை வைத்து லேசாக அழுத்த வேண்டும். ஸ்கேலின் மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அடியில் ஒரு தகட்டை வைப்பதோ எடுப்பதோ போதும்.

அடுத்தது வேகம். எச்.எஸ்.எஸ். டூலால் மைல்டு ஸ்டீலைக் கடைய நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 380 சுற்று வரும். கம்பி 50 மில்லிமீட்டர் என்றால் அதில் பாதிதான். கார்பைடு முனைக்கு 100 மீட்டர் என்று கணக்கிட்டாலே அந்தச் சிறிய கம்பிக்கு 1,270 சுற்றைத் தாண்டிவிடும். பழைய பெல்ட் லேத்துகள் பல அந்த வேகத்தை எட்டுவதே இல்லை. அப்படியிருந்தும் புதியவர்கள் ஆசையாக வாங்குவது கார்பைடைத்தான். இத்தகைய லேத்துக்கு, நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். டூலே பொருத்தம். டூல் தீட்டக் கற்காமல் பழைய லேத்தில் பழகுவது வீண் பாடு.

லேத் அதிர்ந்து, ஜாப்பில் அலை அலையாகக் கோடு விழுந்தால் பலரும் வெட்டின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அதனால் டூல் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும், அதிர்வும் நிற்காது. வேகத்தைக் குறைத்து, ஃபீடைச் சற்றே கூட்டிப் பார்க்க வேண்டும். டூல் போஸ்ட்டிலிருந்து டூல் நீட்டி நிற்கும் அளவையும் சுருக்க வேண்டும். பார்ட்டிங் டூலுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அதிர்வு நிற்கவில்லையென்றால் மெஷினைச் சந்தேகிக்கலாம். கிராஸ் ஸ்லைடைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஜிப் திருகுகளைச் சீராக இறுக்க வேண்டும். சக்கின் மேல் டயல் கேஜை வைத்து, மரக்கட்டையால் நெம்பினால் முள் எகிறுகிறதா? ஸ்பிண்டில் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சென்டர் கொடுத்துக் கடைந்த கம்பி ஒரு முனையில் தடித்து வந்தால் டெய்ல்ஸ்டாக் நகர்ந்திருக்கலாம். சென்டர் கொடுக்காமல் நீளமாக நீட்டியிருந்தால் வேறு காரணம்: கம்பியே வளைந்து விலகுகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டூலையும் வேகத்தையும் சேர்த்து மாற்றியவருக்கு, எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது. பட்டறைகளில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. திட்டுத்தான் முதலில் விழுகிறது. மூத்தவர் தானே வந்து சரிசெய்துவிட்டுப் போனால், பையன் கற்றது எதுவுமில்லை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. டூலை 1 மில்லிமீட்டர் இறக்கி, ஜிப்பைத் தளர்த்தி, டெய்ல்ஸ்டாக்கை நகர்த்தி வைத்த லேத்தின் முன் மாணவரை நிறுத்தி, கோளாறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிக்கு அதில் கட்டாய இடம் வேண்டும், மதிப்பெண்ணும் வேண்டும். இதற்கென்று புது இயந்திரம் தேவையில்லை. மூலையில் ஒதுக்கி வைத்த பழைய லேத்தும் ஒரு டயல் கேஜும் போதும்.