பிள்ளை ஓட்டும் வண்டி, தகப்பனார் பெயரில் பாலிசி: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பதினெட்டு வயது நிரம்பி லைசென்ஸும் பெற்றுவிட்ட மகனோ மகளோ அன்றாடம் ஓட்டுவதற்கென்றே வாங்கப்படும் வாகனத்தைப் பெற்றோர் பெயரில் பதிவு செய்து, இன்ஷூரன்ஸையும் பெற்றோர் பெயரிலேயே எடுத்துவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. இந்த வழக்கம் அந்தக் குடும்பங்களுக்கே பாதகமானது என்பதும், அதை மாற்றிக்கொள்ளும் கடமை பெற்றோருக்கு இருப்பது போலவே, அதனால் விளையும் நஷ்டத்துக்கு வழி அடைக்கும் கடமை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் அவற்றை மேற்பார்வையிடும் ஆணையத்துக்கும் இருக்கிறது என்பதும் எங்கள் நுகர்வோர் சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

ஷோரூமில் மாடலும் வர்ணமும் முடிவாகி, முன்பணமும் கட்டியான பிறகு, "ஆர்.சி. யார் பேர்ல சார் போடணும்?" என்று கேட்கப்படும்போது, பக்கத்தில் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தகப்பனார் தம் சட்டைப் பையிலிருந்து தம்முடைய ஆதாரையும் பான் கார்டையும் எடுத்து நீட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கடன் கொடுக்கும் ஸ்தாபனம் சம்பளச் சீட்டைக் கேட்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் அது ஏது? வேலைக்குப் போய்விட்ட பிள்ளையோ இன்று சென்னை, நாளை பெங்களூர் என்று விலாசத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறான். பணம் போட்டவர் பெயரில்தானே பொருள் இருக்க வேண்டும் என்ற பழைய நியாயமும் சேர்ந்துகொள்கிறது. காரணங்கள் எல்லாம் கௌரவமானவைதான். ஆனால் அதே மேஜையில், அதே ஐந்து நிமிஷத்தில், பாலிசிக்கான விண்ணப்பமும் பூர்த்தியாகிவிடுகிறது என்பதையும், அதில் 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்று ஒரு வரி இருக்கிறது என்பதையும் கவனிப்பவர்கள் சொற்பம்.

முதலில் ஒரு வீண் பயத்தைப் போக்கிவிடுவது அவசியம். தகப்பனார் பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டினால் இன்ஷூரன்ஸே செல்லாது என்று தெருவில் பேசிக்கொள்வது சரியல்ல. மோட்டார் பாலிசி வண்டியைத் தொடர்ந்து வருவது. உரிமையாளரின் சம்மதத்துடன், செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள எவர் ஓட்டினாலும், எதிரே வந்தவருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். முழுப் பாலிசியாக இருந்தால், நொறுங்கிய வண்டிக்கும் சர்வேயர் வந்து பார்த்துத் தொகை நிர்ணயிப்பார். ஆக, எதிராளிக்குக் காப்பு உண்டு, இரும்புக்கும் தகரத்துக்கும் உண்டு. காப்பு இல்லாமல் நிற்பவன், எவனுக்காக அந்த வண்டி வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளை ஒருவன்தான்.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லுகிறோம். ஓட்டுகிறவரே விபத்தில் மாண்டாலோ ஊனமுற்றாலோ அவர் குடும்பத்துக்கு வழி செய்வதற்காக 'உரிமையாளர்-ஓட்டுநர் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு' என்ற ஓர் அம்சம் பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலமாக அது இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்ற அற்பத் தொகையாகவே இருந்தது. அதைக் குறைந்தபட்சம் 15 லட்சமாக உயர்த்துவது பற்றி ஆலோசிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் பிறப்பித்த உத்தரவை ஒட்டி, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் அவ்வாறே உயர்த்தி, வருஷ பிரீமியத்தை 750 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தது. நல்ல சீர்திருத்தம், அது நமது உயர் நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டது என்பதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இந்த 15 லட்சம் கிடைக்க மூன்று நிபந்தனைகள்: ஓட்டியவர் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். பிள்ளையிடம் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. தகப்பனாரிடம் ஆர்.சி.யும் பாலிசியும் இருக்கின்றன. பல வீடுகளில் அவருக்கு லைசென்ஸே கிடையாது, அவர் வண்டி ஓட்டியதும் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவருக்கு இந்தக் காப்பு கட்டாயமில்லை என்பதால், அதற்கென்று ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த அம்சத்தையே பாலிசியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறைந்ததே என்று அவரும் சந்தோஷப்படுகிறார்.

நீதிமன்றத்துக்குப் போனாலாவது பரிகாரம் உண்டா என்றால், அந்தப் பாதையும் குறுகலாகவே இருக்கிறது. இரவல் மோட்டார் சைக்கிளில் சென்று, முன்னால் இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒருவரின் குடும்பம் தொடுத்த நிங்கம்மா வழக்கில், வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் ஸ்தானத்தில் வந்துவிடுகிறார், ஆகவே அந்த உரிமையாளரின் கம்பெனியிடமிருந்தே மோட்டார் வாகனச் சட்டத்தின் 163-ஏ பிரிவின்படி நஷ்டஈடு கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் அதே தத்துவத்தை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், உரிமையாளரின் ஸ்தானத்தில் நிற்பவர் என்றால் உரிமையாளருக்குப் பாலிசி தரும் தனிநபர் காப்பும் அவருக்கு உரியதுதானே என்று சொல்லி, அந்தப் பாலிசியில் கண்ட 1 லட்சம் ரூபாயைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. இந்த இரண்டாவது வாதத்தில் உள்ள நியாயத்தைத்தான் நாங்கள் பற்றிக்கொள்கிறோம். நஷ்டஈடு கேட்கும்போது பிள்ளை உரிமையாளர் போன்றவன் என்று சொல்லி அனுப்புவதும், தனிநபர் காப்பைக் கேட்கும்போது அவன் உரிமையாளர் அல்லன் என்று சொல்லி அனுப்புவதுமாக, இரண்டு வாசல்களையும் ஒரே குடும்பத்தின் முகத்தில் அடைப்பது தர்மமாகாது. உச்ச நீதிமன்றம் வரை ஏறி 1 லட்சம் பெறும் சக்தி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு?

தகப்பனாருக்கு வரும் ஆபத்து வேறு விதமானது. ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்பதை, வண்டி பல கைகள் மாறியும் ஆர்.சி. மாறாத நவீன்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. மகன் எங்கோ ஒரு நகரத்தில் இருந்துகொண்டு பாலிசியைப் புதுப்பிக்க மறந்துவிட்டாலும், லைசென்ஸ் இல்லாத அறைத் தோழனிடம் சாவியைக் கொடுத்துவிட்டாலும், தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ உள்ள தகப்பனார் வீட்டுக் கதவைத்தான் தட்டும். முதல் வகையில் நஷ்டஈடு முழுவதும் அவர் தலையில் விழும்; இரண்டாவது வகையில், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவாகக்கூடும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது வீட்டையே தொடும் விஷயம்.

புதிய வண்டிகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்துத் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு 3 வருஷமும் இருசக்கர வாகனங்களுக்கு 5 வருஷமும் மூன்றாம் தரப்புக் காப்பு மொத்தமாக எடுக்கப்படுகிறது. பாலிசியில்லாத வண்டிகள் பெருகுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் சொந்தச் சேதக் காப்பும் தனிநபர் விபத்துக் காப்பும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கே எடுக்கப்படுவதால், "அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கே" என்ற நிம்மதியில் வீட்டார் இருக்கையில், இரண்டாவது வருஷத்திலிருந்து மிஞ்சி நிற்பது எதிராளிக்கான காப்பு மட்டுமே. வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசி மாத்திரம் உள்ள வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் நண்பனுக்குக்கூடக் காப்பு இல்லை என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது; முழுப் பாலிசியில்தான் அவன் அடங்குவான். படிக்கும்போதே மாலை வேளைகளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகள் இப்போது அநேகர். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி, வாடகைக்கும் கூலிக்கும் ஓட்டுவதை விலக்கியிருக்கிறது என்பதால், அந்த வேளையில் நேரும் சேதத்துக்குக் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்புண்டு. பதினெட்டு நிரம்பாத பிள்ளையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் விதிக்கிறது, அதில் எங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.

பிரிட்டனில் இளைஞர்களுக்குப் பிரீமியம் கடுமையாக இருப்பதால், முக்கியமாக ஓட்டுகிறவர் தாமே என்று பெற்றோர் பொய் சொல்லிப் பாலிசி எடுப்பதுண்டு. அங்கே அது மோசடி எனப்படும். நம் நாட்டில் மூன்றாம் தரப்புப் பிரீமியம் எஞ்சினின் அளவைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவதே தவிர, ஓட்டுகிறவரின் வயதைக் கொண்டு அல்ல. ஆகவே, அங்கே பணத்தை மிச்சம் பிடிக்கச் செய்யும் காரியத்தை நாம் எந்த லாபமும் இல்லாமல், வெறும் பழக்கத்தினால் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே வேடிக்கை. லாபம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்காகத் தகப்பனார் சேர்த்துவைத்த போனஸ். அது ஆளைச் சேர்ந்ததே அன்றி வண்டியைச் சேர்ந்ததல்ல. அவர் உயிரோடிருக்கையில் மகனுக்கு மாற்ற இயலாது. ஆனால் அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும், அதிகபட்சம் 50 சதவிகிதம் கிடைக்கும் தள்ளுபடி. பழைய மோட்டார் சைக்கிளுக்கு அது சில நூறு ரூபாய்க்கு மேல் போவது அபூர்வம். தகப்பனார் அதை இழப்பதும் இல்லை; அத்தாட்சி வாங்கி வைத்துக்கொண்டால் 3 வருஷத்துக்குள் தம் பெயரில் வாங்கும் வேறு வண்டிக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆகவே, பிராயம் வந்த பிள்ளை தினந்தோறும் ஓட்டும் வண்டி அந்தப் பிள்ளையின் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்று எங்கள் அங்கத்தினர்களுக்கு யோசனை கூறுகிறோம். கடன் தேவைப்பட்டால் தகப்பனார் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடலாம், அதற்காக ஆர்.சி.யில் அவர் பெயர் ஏற வேண்டியதில்லை. ஏற்கெனவே அவர் பெயரில் உள்ள வண்டியை 29, 30ஆம் படிவங்களைக் கொடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிவிடலாம், கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். ஆனால் ஆர்.சி.யை மாற்றியதோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மூன்றாம் தரப்புக் காப்பு அதே சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி தானாகவே புதிய உரிமையாளருக்குப் போய்விடும். சொந்தச் சேதக் காப்பு அப்படிப் போகாது என்பதை 1995ஆம் வருஷத்திலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெயர் மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி, பாலிசியையும் மாற்றி, பிள்ளை பெயரில் 15 லட்சத்துக்கான காப்பைச் சேர்த்த பிறகே வேலை பூர்த்தியாகும். உடனே மாற்ற இயலாத சூழ்நிலையில் இருப்பவர்கள், பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசியாவது எடுத்துவைப்பது நல்லது.

தகப்பனார் காலமாகிவிடும் வீடுகளில் ஏற்படும் குழப்பமும் இதன் கிளைதான். காரியங்கள் முடிந்து, வாரிசுச் சான்றிதழ் வந்து, பிறகு வண்டியைப் பற்றி யோசிக்கலாம் என்று இருக்கையில், இறந்தவர் பெயரில் உள்ள பாலிசி 3 மாதம் வரையோ அதன் தவணை முடியும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரைதான் உயிரோடிருக்கும் என்ற நிபந்தனை பாலிசியிலேயே அச்சாகியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். 2021 முதல் ஆர்.சி.யிலேயே வாரிசை நியமித்து வைக்க இடமுண்டு. அதைச் செய்துவைத்தால் இந்த 3 மாதத்துக்குள் மாற்றிக்கொள்வது சுலபம்.

கம்பெனிகளிடமும் ஆணையத்திடமும் நாங்கள் கேட்பது தானமல்ல. கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு, பெயர் குறிப்பிட்ட ஒருவருக்குத் தனிநபர் காப்புச் சேர்க்கும் ஏற்பாடு பழைய கட்டண விதிகளிலேயே இருக்கிறது; ஆனால் காருக்கு 2 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் என்று அந்தக் காலத்து அளவே அதற்கு உச்ச வரம்பாக வகுக்கப்பட்டது. உரிமையாளருக்கு 15 லட்சமாக உயர்ந்த தொகை, அவருடைய குடும்பத்தில் வழக்கமாக ஓட்டுகிறவர் என்று பாலிசியில் பெயர் எழுதப்பட்டவருக்கும் அதே அளவில், அதே நிபந்தனைகளோடு கிடைக்க வேண்டும். 'லைசென்ஸ் இல்லை' என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்கும்போது, அப்படியானால் வண்டியை ஓட்டப்போகிறவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு வரி அதே தாளில் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் தமக்கென்று மோட்டார் சைக்கிள் வாங்கமாட்டார் என்பது கம்பெனிக்குத் தெரியாததல்ல. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வண்டி மாறும்போது, பெற்றோர் இறந்த பிறகு வாரிசுகளுக்கு மாற இடமளிக்கப்படும் போனஸை, அவர்கள் உயிரோடிருக்கையிலும் மாற்ற அனுமதிக்க வேண்டும். பெயர் குறிப்பிடப்படும் இளைஞரின் வயதைக் கருதிச் சொந்தச் சேதப் பிரீமியத்தைக் கம்பெனிகள் ஓரளவு உயர்த்த நேருமானால், அந்த உயர்வுக்கான கணக்கை ஆணையத்திடம் காட்டும் பட்சத்தில், நாங்கள் அதை எதிர்க்கமாட்டோம்.

இந்த அறிக்கையின் பிரதிகளை ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புகிறோம். வாகன விற்பனையாளர்களுக்கும் ஒரு பிரதி போகிறது, ஆர்.சி. யார் பெயரில் என்று கேட்பதற்கு முன்னால், ஓட்டப்போவது யார் என்று கேட்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.