காகிதம் கரை சேர்க்குமா?

படகு வைத்திருப்பவர்களிடத்திலும், கடலில் உயிர் காக்கும் சாமான்கள் செய்து விற்பவர்களிடத்திலும் சர்க்கார் கேட்கின்ற தஸ்தாவேஜுகளைப் பற்றி இரண்டுவிதமான பேச்சுக்கள் நடந்து வருகின்றன. ஒரு கூட்டத்தார், "படகுக்கு நெம்பர் என்ன, சர்டிபிகேட் என்ன, ரிப்போர்ட் என்ன? இதெல்லாம் உத்தியோகஸ்தர்கள் ஜனங்களுக்குக் கொடுக்கும் தொந்தரவு, அடியோடு ஒழிக்க வேண்டும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "காகிதம் சரியாயிருந்தால் எல்லாம் சரி, முத்திரை விழுந்துவிட்டால் பிறகு பயமில்லை" என்கிறார்கள். முன்னவர்களில் அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள் சாமான் விற்கும் முதலாளிகள். பின்னவர்களில் அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள் முத்திரை குத்திச் சம்பளம் வாங்குகிறவர்கள். கப்பலில் ஏறிச் சாகிறவர்களோ இந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. ஆகவே நாம் அவர்கள் பக்கத்திலிருந்து இந்தச் சங்கதியைச் சிறிது யோசித்துப் பார்ப்போம்.

1904-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் "ஜெனரல் ஸ்லோகம்" என்னும் நீராவிக் கப்பல் ஈஸ்ட் ரிவர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது தீப்பிடித்தது. அதில் இருந்தவர்கள் ஒரு சர்ச்சின் சார்பாக உல்லாசப் பயணம் புறப்பட்ட ஜெர்மானியக் குடியேறிகளின் குடும்பத்தார். அன்று புதன்கிழமை, ஆண்கள் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விட்டபடியால் கப்பல் நிறையப் பெண்களும் குழந்தைகளுமே இருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிகின்ற தூரத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டு போனார்கள்.

அந்தக் கப்பலுக்குச் சர்டிபிகேட் இல்லையா என்றால், இருந்தது. அதற்கு முந்தின மே மாதத்தில்தான் சர்க்கார் பரிசோதகர் வந்து, சாமான்கள் எல்லாம் சரியாயிருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் சரி என்று எழுதின சாமான்களின் யோக்கியதை என்ன? மிதவைச் சட்டைகள் 1891-ல் கப்பல் கட்டிய நாளிலிருந்து பதின்மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் தொங்கினவை. கித்தான் இற்றுப் போய், உள்ளே இருந்த தக்கை தூளாகிக் கிடந்தது. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் தண்ணீர் ஏறின மாத்திரத்தில் வெடித்தது. உயிர்ப் படகுகளை அவிழ்க்கவே முடியவில்லை. தாய்மார்கள் தங்கள் கையாலேயே குழந்தைகளுக்கு அந்தச் சட்டையைக் கட்டித் தண்ணீரில் விட்டார்கள். விட்ட குழந்தைகள் கல்லைப் போல் மூழ்கின.

இதை "விதி" என்று சொல்லிவிட்டுப் போவது வெகு சுலபம். விதியா தக்கையைத் தூளாக்கிற்று? விதியா பரிசோதகர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தது? ஒரு சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருந்தால் கித்தான் கையோடு வந்திருக்குமே! அவ்வளவு சிறிய காரியத்தைச் செய்யாமல் காகிதத்தில் சரி என்று எழுதினதுதான் அந்த விதி.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு மிதவைச் சட்டையில் ஆறு பவுண்டு நல்ல தக்கை இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணையில், ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த தக்கைக் கட்டைகளுக்குள் இரும்புத் துண்டுகள் செருகி வைத்திருந்தது அகப்பட்டது. தக்கையின் நிறை போதவில்லை. ஆகவே இரும்பை வைத்து நிறையைச் சரிக்கட்டினார்கள். தராசும் சரி, கணக்கும் சரி, காகிதமும் சரி. அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறவன் கதி மாத்திரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. உயிர் காக்கும் சாமானுக்குள் இரும்பு வைத்து விற்ற இந்தப் பித்தலாட்டத்திற்கு எந்த அகராதியில் பெயர் தேடுவது?

தண்டனை யாருக்கு என்று பார்த்தால், கப்பல் தலைவர் ஒருவருக்கு மாத்திரம் பத்து வருஷச் சிறைவாசம் விதித்தார்கள். அவரும் 1911-ல் வெளியே வந்து, 1912-ல் மன்னிக்கப்பட்டார். தீயணைக்கும் பயிற்சி நடத்தாத குற்றம் அவருடையதுதான். இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி முதலாளிகளில் ஒருவராவது சிறைக்குள் போனாரா? இல்லை. கையெழுத்துப் போட்ட பரிசோதகர்? அவரும் தண்டனை அடையவில்லை.

நிற்க, "ஸ்லோகம்" கப்பலில் காகிதம் பொய் சொல்லிற்று. காகிதம் மெய் சொன்னால் போதுமா? அதற்குப் பதில் "டைட்டானிக்" கப்பலில் இருக்கிறது. 1912-ம் வருஷம் ஏப்ரல் மாதம் மூழ்கிய அந்தக் கப்பல் 46,000 டன்னுக்கு மேற்பட்டது. அதில் 20 படகுகள் இருந்தன. அவற்றில் இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்களோ 2,200 பேருக்கு மேல். சுமார் 1,500 பேர் குளிர்ந்த தண்ணீரில் மாண்டார்கள். இதில் சட்ட விரோதம் ஏதாவது உண்டா? ஒன்றுமே இல்லை. பிரிட்டிஷ் சர்க்கார் 1894-ல் எழுதின அட்டவணையில் கடைசி வரி "10,000 டன்னும் அதற்கு மேலும்" என்பது. அதற்கு 16 படகு போதும். கப்பல்கள் நாலு பங்கு பெருத்த பிறகும் அந்த வரி அப்படியே கிடந்தது. சட்டம் கேட்டதைவிட நாலு படகு கூடவே வைத்திருந்தார்கள்!

முன்னோர் எழுதி வைத்தார்கள், ஆகையால் சரி என்று கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் புத்தி கோயிலில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, கச்சேரியிலும் இருக்கிறது. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று பல தேசத்தார் லண்டனில் கூடி ஒப்பந்தம் எழுதினது 1914-ல். ஒரு சிறு பிள்ளைக்குத் தெரிகின்ற கணக்கைக் காகிதத்தில் ஏற்ற 1,500 பிணம் வேண்டியிருந்தது.

அப்படியானால் காகிதமே வேண்டாமா? இதுதான் முதலாளிகள் நம்மிடம் எதிர்பார்க்கிற பதில். அந்தப் பதிலை நாம் சொல்ல முடியாது. இன்று அமெரிக்காவில் இயந்திரம் வைத்த படகுக்கு நெம்பரும் சர்டிபிகேட்டும் வேண்டும். படகு கட்டுகிறவர் ஒவ்வொரு படகிலும் 12 எழுத்துள்ள அடையாளத்தை இரண்டு இடங்களில் பதிக்க வேண்டும். உயிருக்கு அபாயமான பழுது ஒன்று தெரிந்தால், வாங்கினவர்களுக்கும் சர்க்காருக்கும் எழுதித் தெரிவித்து, தன் செலவில் சரி செய்ய வேண்டும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் பழுதுள்ள படகு எந்த ஊரில் யாரிடத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படகு விபத்தில் ஒருவர் இறந்தால் 48 மணி நேரத்திற்குள் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான், மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேற்பட்டவர்கள் மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை என்று கண்டார்கள். இது ஜோசியம் அல்ல. எண்ணிக் கண்ட உண்மை. இப்படி அறிவைத் தருகின்ற காகிதத்தை ஒழி என்பவர், கண்ணை மூடிக்கொள் என்பவரே ஆவார்.

அதே தேசத்தில் காகித வேலையைக் குறைப்பதற்கென்றே 1980-ல் ஒரு சட்டம் செய்து, 1995-ல் திருத்தினார்கள். ஒரு இலாகா பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்வியைக் கேட்பதானால் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அதைப் பூர்த்தி செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுத வேண்டும். 60 நாள் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். அனுமதி மூன்று வருஷத்திற்கு மேல் செல்லாது. அனுமதி நெம்பர் இல்லாத பாரத்திற்குப் பதில் எழுதாதவரைத் தண்டிக்கவும் முடியாது. இது மிகவும் நல்ல ஏற்பாடு. மற்ற தேசங்களும் பின்பற்றத் தக்கது. ஆனால் அந்த 60 நாளில் பேசுகிறவர்கள் யார்? வக்கீல் வைத்துக்கொள்ளச் சக்தியுள்ள கம்பெனிகள் பேசும். செத்தவன் பிராது எழுதுவதில்லை. முதலாளிக்குச் செலவான மணி நேரம் எண்ணாகக் கணக்கில் ஏறுகிறது. மூழ்காமல் தப்பிய குழந்தை எந்தக் கணக்கிலும் எண்ணாக ஏறுவதில்லை.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. 2023-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி கேரளத்தில் தானூரில் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் பலர். மீன் பிடிக்கும் படகை மாற்றி, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றினார்கள். சட்டமா இல்லை? 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்தை மாற்றி 2021-ல் புதுச் சட்டமே செய்திருந்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. துறையில் நின்று தலையை எண்ண ஆள் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாரத்திலும் இந்தக் கேள்வி எதற்கு என்று ஜனங்கள் பேசும் பாஷையில் அச்சிட வேண்டும். காரணம் சொல்ல முடியாத கேள்வியைக் கிழித்தெறிய வேண்டும். பரிசோதகர் சாமானைக் கையால் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும். எழுதினதற்குக் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பது இலாகா அலமாரியில் அல்ல, ஏறுகிறவர் கண்ணுக்கு எதிரே எழுதியிருக்க வேண்டும். குற்றம் நேர்ந்தால் லாபம் வாங்கினவன் முதலில் கூண்டில் ஏற வேண்டும். ஒற்றைத் தோணிக்காரனுக்குப் பாரம் என்பது பெயருக்கேற்றபடியே பாரமாயிருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு அவன் கச்சேரி வாசலில் நிற்பதைவிட, சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் கரைக்கு வந்து எழுதிக்கொண்டு போகட்டும்.

தோழர்களே! காகிதத்தைத் தாயத்தாக நினைப்பதும் மூடநம்பிக்கைதான். காகிதமே வேண்டாம் என்பதும் புரட்டுத்தான். அடுத்த முறை படகில் கால் வைக்கும் முன், எத்தனை பேருக்கு இடம், மிதவைச் சட்டை எங்கே, கடைசியாகப் பார்த்தவர் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராத படகில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள்.