பாடியில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு எதற்கு இன்சூரன்ஸ்?

பாடி மேம்பாலம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார். "தோழர், வாடகை வீட்டுல இருக்கிற பொருளுக்கு இன்சூரன்ஸ் போடலாமா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அது அபார்ட்மெண்ட்காரர்கள் சமாச்சாரமாம், நம் அரசியல் இல்லையாம்.

சிரித்தவர்கள் பாபாசாகேப்பைப் படிக்கவில்லை. 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்காக அவர் எழுதி அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் இன்சூரன்ஸ் முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் காப்பீடு கட்டாயம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு அடி விழுந்தால் எழ முடியாதவர்களுக்குத்தான் காப்பீடு முதலில் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, வாங்கலாமா என்றால், வாங்கலாம். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. சொந்த வீடு வேண்டாம், உள்ளே இருக்கும் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல் எல்லாம் இதில் வரும். வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிசி அவருடைய சுவருக்குத்தான், நம் பிரிட்ஜுக்கோ லேப்டாப்புக்கோ அல்ல. பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய். பொருளின் மதிப்பைவிடக் குறைத்துப் போட்டிருந்தாலும், அதைக் காரணம் காட்டி நஷ்டஈட்டை வெட்டமாட்டார்கள்.

ஆனால் ஓட்டைகளையும் பாருங்கள். ரொக்கம் சேராது. சான்றிதழ், பத்திரம் சேராது. நகைக்குத் தனியாகப் போட வேண்டும். சாதாரணத் திருட்டு கிடையாது, வெள்ளமோ தீயோ வந்து ஏழு நாளுக்குள் போனால்தான். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் தண்ணீர் வந்தால் அம்மா முதலில் தலைக்கு மேல் தூக்குவது மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் இருக்கிற பையைத்தானே? பாலிசியின் கணக்கில் அந்தப் பைக்கு விலையே இல்லை.

எங்களுக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். நாம் ஏன் தண்ணீர் வரும் வீட்டில் இருக்கிறோம்? பாடியில் வீடு தேடி அலைந்தோம். மாடி வீடு காலியாகத்தான் இருந்தது. "எந்த ஊரு? என்ன ஆளுங்க?" என்றார்கள். அடுத்த வீட்டில் "நான்வெஜ் சமைப்பீங்களா?" அதுவும் அதே கேள்விதான், வேறு சட்டை. கடைசியில் கேள்வி கேட்காமல் கிடைத்தது ரோட்டைவிடத் தாழ்ந்த தரைத்தளம். சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் டெல்லி வட்டாரத்தில் ஆய்வு செய்து 2015இல் எழுதியதும் இதே கதைதான்: பெயரைக் கேட்டதும் தலித்துக்கும் முஸ்லிமுக்கும் கதவு மூடுகிறது. மழை எல்லார்மேலும் ஒரே மாதிரி பெய்யலாம், தாழ்ந்த தரையை நமக்கு ஒதுக்கியது சாதி. அந்த ஆபத்துக்குப் பிரீமியமும் நம் சம்பளத்திலிருந்தே என்றால் அது என்ன நியாயம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபின் அரசு ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது, ரேஷன் கார்டுக்கு. கார்டு சொந்த ஊரில், உடம்பு எஸ்டேட் வேலையில் என்று இருந்தவர்கள் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபிறகு வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதற்குப் பதில், வாடகைக் குடும்பங்களின் பொருளுக்கு அரசே பிரீமியம் கட்டி, பொதுத்துறை நிறுவனங்கள் வழியாகக் காப்பீடு தரலாம். பயிருக்குப் பிரீமியத்தில் பெரும்பங்கை அரசுகள் கட்டுகின்றனவே. பாயும் பாத்திரமும் என்ன பாவம் செய்தன? மாணவர் அமைப்புகள் இதைக் கோரிக்கையாக எழுத வேண்டும் என்கிறோம்.

தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான். பாலிசி எடுங்க. பொருளையெல்லாம் போட்டோ எடுத்து, பில்லோடு மெயிலில் போட்டு வையுங்க. கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்க, அதுக்கும் அசையலைன்னா சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கு, கட்டணம் கிடையாது. சான்றிதழ் பையை மட்டும் பரண்மேல் வையுங்க.