பாட்டே இல்லாத பயம்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. 1922-ல் மறைந்த அவருடைய நாடகங்களுக்குப் பாட்டுதான் உயிர். பேசும்படமும் அதே வழியில்தான் வந்தது. 1954-ல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' அந்த வழக்கத்தை உடைத்தது. இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர், படத்திலோ ஒரு பாட்டுகூடக் கிடையாது! ரேடியோ இன்ஜினியர் சிவாஜியைச் சுட்டது யார்? ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட படத்தைப் புதுப்பித்து வீட்டுத் திரைக்குக் கொண்டுவருபவர்களுக்கு நிதானம் வேண்டும். கீறலையும் இரைச்சலையும் நீக்கலாம். இருட்டை வெளுக்கக் கூடாது, மௌனத்தில் புது இசையைக் கொட்டக் கூடாது. பயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஏற்கெனவே பார்த்தவர்களே, கொலையாளி யாரென்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்!