சம்மதமும் சட்டமும்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர் சொல்லி வருவது வழக்கம். கல்யாணப் பேச்சிலேயே அது எத்தனை அநியாயங்களுக்கு இடமளித்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோர்ட்டில் அது செல்லாது. பழைய பீனல் கோடுக்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமுலில் இருந்து வரும் பாரதீய நியாய சம்ஹிதையின் 63-வது பிரிவைப் பார்க்க. இன்ன செயலுக்கு இணங்குகிறேன் என்று பெண்ணானவள் சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமின்றி, தன் மனதாரத் தெரிவிப்பதே சம்மதம் என்று அது விதிக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரு காரணத்தைக் கொண்டு மட்டும் அவள் இணங்கினாள் என்று முடிவு கட்டலாகாது என்றும் விதிக்கிறது.

இந்த வாசகம் 2013-ம் வருஷத்தில்தான் நமது சட்டத்தில் ஏறியது. போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி கெடுக்கப்பட்டதாக எழுந்த வழக்கில், அவள் உடலில் காயம் இல்லை, ஆகையால் அவள் இணங்கியிருக்க வேண்டும் என்று கருதி, 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு இரு போலீஸ்காரரையும் விடுதலை செய்தது. அத்தீர்ப்பைக் கண்டித்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-ல் பகிரங்கக் கடிதம் எழுதினர். 1983-ல் சட்டம் ஓரளவு திருந்தியது. இருந்தும், சம்மதம் யாது என்று தெளிவாக எழுத மேலும் முப்பது வருஷம் பிடித்தது!

வயதைப் பற்றிய சரித்திரம் இன்னும் பழையது. 1860-ல் பீனல் கோடு வகுத்த எல்லை 10 வயது. 1890-ல் கல்கத்தாவில் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கணவனால் மாண்டாள். எல்லையைக் கடந்தவளாகையால் அவனைப் பலாத்காரக் குற்றத்துக்குத் தண்டிக்க வழியில்லை. ஒரு வருஷக் கடுங்காவலோடு போயிற்று. அதன் பின்னர் 1891-ல் எல்லையை 12 ஆக்க மசோதா வந்தபோது, அந்நிய சர்க்கார் நமது குடும்ப ஆசாரத்தில் தலையிடலாகாது என்று லோகமான்ய திலகரே எதிர்த்தார். சுயராஜ்ய உணர்ச்சி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதற்கு ஒரு குழந்தையின் உடலைக் கேடயமாகப் பிடித்தது தகாது என்றே நாம் கருதுகிறோம். 1949-ல் 16 ஆன எல்லை, 2012-ம் வருஷத்திய போக்ஸோ சட்டத்தால் 18 ஆயிற்று. மனைவியாயினும் 18 வயதுக்குட்பட்டவளுக்கு இதே பாதுகாப்பு உண்டென 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவ்வயதைக் கடந்த மனைவியின் சம்மதத்தை மாத்திரம் சட்டம் இன்றும் கேட்பதில்லை. இது வெட்கக்கேடு, தனியே எழுத வேண்டிய விஷயம்.

இப்பொழுது வாலிபர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஒருவரையொருவர் விரும்பிக் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "நானும் இஷ்டப்பட்டேன்" என்று அவள் கூண்டில் ஏறிச் சொன்னாலும், அந்த இஷ்டம் சட்டத்தின் கண்ணில் இஷ்டமாகாது. குறைந்தபட்ச தண்டனை 10 வருஷம். அவள் கர்ப்பமானால் குற்றம் கொடிதெனக் கணக்கிடப்பட்டு, 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி 20 வருஷத்துக்குக் குறையாது. நீதிபதி இரங்கினாலும் சட்டம் இரங்க இடம் வைக்கவில்லை. ஜாதி வேற்றுமையால் சினந்த பெற்றோர் கையில் இது ஆயுதமாவதும் உண்டு. இத்தகைய பையன்களைக் கொடியோராக நடத்துவது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று 2021-ல் சென்னை ஹைக்கோர்ட்டு ஒரு வழக்கையே ரத்து செய்தது.

அதற்காக எல்லையை 16-க்கு இறக்க வேண்டும் என்பார் கட்சியை நாம் ஒப்பவில்லை. பெண்களை விலைகூறுவோரும், வீட்டுக்குள்ளேயே துரோகம் செய்யும் உறவினரும் அந்த இரண்டு வருஷங்களுக்காகவே காத்திருப்பார்கள். எல்லை 18 ஆகவே இருக்கட்டும். 16 முதல் 18 வரையுள்ளோர் விஷயத்தில் வயது நெருக்கத்தையும் நிர்ப்பந்தம் இன்மையையும் கண்டு தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும் என்று 2023-ல் லா கமிஷன் தனது 283-வது அறிக்கையில் சிபார்சு செய்ததே சரியான வழி. பார்லிமெண்டு அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும்.

அதுவரையிலும் சர்க்கார்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இச்சட்டத்தின் விதிகளைக் குழந்தைகளும் பெற்றோரும் அறியும்படி பரப்ப வேண்டிய கடமையைப் போக்ஸோவின் 43-வது பிரிவு மத்திய, மாகாண சர்க்கார்கள் மீதே சுமத்துகிறது. பையன் தவறினால் 20 வருஷம். சர்க்கார் தவறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் தேடிப் பார்த்தோம். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.