சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும்

ஜவ்வாது மலையில் சாமை விதைப்புக்கு மழை தரும் அவகாசம் குறைவு. மண்ணில் ஈரம் இருக்கும் சில நாட்களுக்குள் உழவு முடிய வேண்டும். அந்த நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால், போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ மெக்கானிக் மலையேறி வரவேண்டியிருக்கிறது. அவர் வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று அவர் போன பிறகு, பழையபடி நிற்கிறது.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் பழைய டிராக்டருக்கு இதே கதைதான். அரைமணி உழுததும் இழுவை குறைந்து நின்றுவிடும். கால்மணி ஓய்வு கொடுத்தால் ஓடும். சூட்டில் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இஞ்செக்ஷன் பம்பைக் கழற்றி அடிவாரத்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று, விதைப்பும் தள்ளிப்போயிற்று, கோளாறு மட்டும் போகவில்லை. கடைசியில், வண்டி நின்ற நிமிஷமே டீசல் டாங்கின் மூடியைத் திறந்தபோது, 'புஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மூடியிலுள்ள சிறு துவாரத்தைச் செம்மண் அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய டாங்கினுள் வெற்றிடம் உண்டாகி, டீசல் வரத்து தடைப்பட்டிருக்கிறது. ஓய்வு நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து நுழைந்ததால் மறுபடி ஓடியிருக்கிறது. கோளாறுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஓர் ஊசியால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம்!

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மாலையில் காய்ச்சல் வருபவரைக் காலையில் பார்க்கும் வைத்தியருக்கு, நோயாளிதான் விவரம் சொல்லவேண்டும். நாமோ "வண்டி ஓடவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கோளாறு எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்பதே பாதி விடை.

காலையில் கிளம்பச் சிரமப்பட்டு, வெள்ளைப்புகை விட்டு, சூடானதும் சரியானால், டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். நாசில், ஹீட்டர், பிஸ்டன் ரிங் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் கொள்ளலாம். சூட்டில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல், ஆறியபின் கிளம்பினால், பம்ப் தேய்ந்திருக்கக்கூடும். சூட்டில் நீர்த்த டீசல் தேய்ந்த இடத்தில் கசிந்து அழுத்தம் குறைகிறது. ஆனால் டாங்க் மூடி, டீசல் பில்டர், குழாய் இணைப்பு, பேட்டரி, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பார்க்காமல் பம்பில் கைவைக்க விடாதீர்கள். குளிரில் சரியாக இருந்த ஆயில் அழுத்தம் சூட்டில் மிகவும் இறங்கி, அடியில் தட்டும் சத்தமும் வந்தால், உடனே நிறுத்துங்கள், பேரிங் தேய்ந்திருக்கலாம். மலைப்பாதையில் சுமையோடு ஏறும்போது மட்டும் கொதித்தால், விசிறி பெல்ட் தளர்வையும், ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த தூசியையும் முதலில் கவனியுங்கள்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக்கூடாது. சூடான எஞ்சின்மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. பயிற்சி முகாம்களில் ஆயில் மாற்றவும் பில்டர் மாற்றவும் சொல்லித் தருகிறோம். நின்ற எஞ்சினைக் காட்டியே பாடம் முடிகிறது. மலைக்கு வரும் பழுதுபார்ப்பு முகாம்களில், வண்டியைக் கலப்பையோடு அரைமணியாவது ஓடவிட்டுப் பிறகே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் டீசல் செலவு, தேவையின்றிப் பம்ப் கழற்றும் செலவில் மிகச் சிறு பங்குதான்.

உழவர்களும் ஒன்று செய்யலாம். கிளம்பிய நேரம், கோளாறு வந்த நேரம், அப்போதிருந்த சுமை, புகையின் நிறம், ஆறியபின் நடந்தது ஆகிய ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பட்டறைச் செலவும் மிஞ்சும். விதைப்பும் பருவத்தில் முடியும்.